எலி, வெடிமருந்து, கொயினா: நீலகிரிச் சாலையில் ஒரு பட்டாளப் பயணம்

ஜனவரி 6, செவ்வாய். மேட்டுப்பாளையம் – குன்னூர்

கல்லாறு சோதனைச் சாவடியில் பஸ்ஸுக்குள் ஏறிய அம்மா, "பாட்டில் இருந்தா குடுத்துடுங்க" என்று சீட்டு சீட்டாகக் கேட்டுக்கொண்டே வந்தார். திட்டவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கொடுத்தவர்களிடம் "மேல தண்ணி மிஷின் இருக்குங்க, காசு போட்டா வரும்" என்று வழியும் சொன்னார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுவராதவர்கள் குன்னூர் வரை வறண்ட தொண்டையோடுதான் போனார்கள்.

இந்தப் பயணம் பூங்கா, படகு பார்க்க அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் பர்மாவுக்கும் இத்தாலிக்கும் போனார்கள். அவர்கள் என்ன சாப்பிட வேண்டும், எந்த வெடிமருந்தில் சுட வேண்டும், காய்ச்சலுக்கு எதை விழுங்க வேண்டும் என்ற கேள்விகளோடு ஒட்டிய இடங்கள் மேட்டுப்பாளையம்–கூடலூர் சாலையை ஒட்டியே அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்ப்பதுதான் திட்டம்.

தண்ணீரில் தொடங்கலாம். அன்றைய சிப்பாயின் இடுப்பில் தொங்கியது எனாமல் பூசிய இரும்பு பாட்டில், ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். வெளியே தடித்த கம்பளி உறை. உறையை நனைத்துவிட்டால் ஈரம் ஆவியாகும்போது உள்ளே தண்ணீர் குளிரும். ஓடைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய இரண்டு வகை மாத்திரை. முதல் மாத்திரை குளோரின். அதைப் போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, குளோரின் வாடையைப் போக்குவது. தாகத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டாவது மாத்திரை முதல் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். தண்ணீர் வாடையில்லாமல் இருக்கும், கிருமி அப்படியே இருக்கும். கலங்கல் தண்ணீரில் இன்னொரு சிக்கல் உண்டு. குளோரின் சேற்றோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், அதனால் முதலில் துணியில் வடிகட்டியாக வேண்டும். வயிற்றுப்போக்கோடு முகாம் திரும்பியவர்களில் பலர் இந்த இரண்டு அவசரங்களில் ஒன்றைச் செய்திருப்பார்கள்.

மேட்டுப்பாளையத்தில் சட்டை ஒட்டும் வெயில். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் மூடுபனி, ஐந்தரை மணிக்கே விளக்கு எரிகிறது. தங்கிய விடுதியில் கீசர் ஓடவில்லை. வாளி வெந்நீர் முப்பது ரூபாய், கொண்டுவந்த பையன் இரண்டாவது வாளிக்குக் காசு வாங்க மறுத்தான். மெத்தை மெலிசு, குளிர் கீழிருந்துதான் ஏறியது. பட்டாளத்துப் பாடம் இங்கே அப்படியே பொருந்தும்: இரண்டு கம்பளி இருந்தால் இரண்டையும் மேலே போர்த்தக் கூடாது, ஒன்று முதுகுக்குக் கீழே போக வேண்டும். உடல் கனத்தில் நசுங்கிய படுக்கை வழியாகத் தரை உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ராமநாதபுரத்திலிருந்து போன பையன் 1943 குளிர்காலத்தில் இத்தாலி மலையில் இதை ஒரே இரவில் கற்றிருப்பான்.

ஜனவரி 7, புதன். குன்னூர்

காலை டீ 15 ரூபாய், கூடவே வர்க்கி. விறகடுப்பில் சுட்ட வர்க்கியை டீயில் முக்கினால் மூன்று நொடிக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கிளாஸின் அடியில் கரண்டி போட்டுத் தேட வேண்டியதுதான்.

சிம்ஸ் பூங்காவை ஒட்டி பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். 1907-ல் தொடங்கியது. நாய்க்கடி ஊசிக்குத்தான் பெயர் போனது. இதே வளாகத்தில் முளைத்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஊரிலேயே அதிகம் பேருக்குத் தெரியாது. ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1918-ல், பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ஒரே ஓர் அறையில் தொடங்கியது அது. 1950-களின் கடைசியில் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. உள்ளே சுற்றிப் பார்க்க வழியில்லை, சாலையிலிருந்து பழைய கட்டடத்தைப் பார்க்கலாம்.

இங்கே நடந்த எலிச் சோதனையைப் பட்டாளத்துக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஒரே இனத்து வெள்ளெலிக் குஞ்சுகளைக் குழுக்களாகப் பிரித்தார் மெக்காரிசன். ஒரு குழுவுக்குச் சீக்கியர் சாப்பாடு: சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இன்னொன்றுக்கு பட்டாணியர் சாப்பாடு, மற்றொன்றுக்கு மராட்டியர், வேறொன்றுக்குக் கூர்க்கா, வங்காளி, கடைசியில் மதராஸி. சீக்கியர் சாப்பாடு தின்ற எலியின் சராசரி எடை 235 கிராம். நம் தீட்டிய அரிசிச் சோறு தின்ற எலி 155 கிராம். எலிக்குச் சாதி கிடையாது, வீர பரம்பரை கிடையாது. மாறியது தட்டு மட்டும்தான்.

இது 1920-களில். அதே பத்தாண்டில்தான், 'போர்க்குணம் உள்ள இனங்கள்' வடக்கே மட்டும் இருக்கின்றன என்ற நம்பிக்கையில், பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து வந்த மதராஸ் காலாட்படைப் பிரிவுகளில் எஞ்சியவற்றை ஆங்கிலேய அரசு கலைத்து முடித்தது. ஆள் தேவைப்பட்டதும், 1941-42-ல் மதராஸ் ரெஜிமென்ட் திரும்ப எழுப்பப்பட்டது. குன்னூர்க் கூண்டில் தெரிந்த உண்மையை டெல்லியில் யாராவது படித்திருந்தால் பல வருடம் மிச்சமாகியிருக்கும். பட்டாளத்தில் சேர்ந்த கிராமத்துப் பையன்கள் சில மாதத்திலேயே எடை கூடியதில் மர்மம் ஒன்றும் இல்லை. பருப்பும் நெய்யும் கறியும் பாலும் அளந்து கிடைத்தன, அவ்வளவுதான்.

அரிசியில் சத்து மூன்று இடங்களில் போகிறது. மில்லில் தவிட்டோடு பி1 வைட்டமின் போகும். களையும்போது கொஞ்சம் போகும். கஞ்சி வடித்துக் கொட்டும்போது இன்னும் கொஞ்சம். புழுங்கல் அரிசி தப்பிப்பது ஏன் என்றால், நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதே தவிட்டுச் சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு மிஞ்சும். பச்சரிசியை வெள்ளையாகத் தீட்டி, களைந்து களைந்து, கஞ்சியையும் கொட்டினால் பெரிபெரி வாசலில் நிற்கும். பாதம் மரத்துப் போகும், கெண்டைக்காலை அமுக்கினால் வலிக்கும், குந்தினால் கையூன்றாமல் எழ முடியாது. குந்தி எழச் சொல்வதே ராணுவ டாக்டரின் முதல் சோதனை.

முதல் உலகப் போரில், 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை மெசபடோமியாவின் (இன்றைய ஈராக்) கூத் நகரில் முற்றுகைக்குள் மாட்டிய படையில் இது தெளிவாகத் தெரிந்தது. வெள்ளை மாவு தின்ற ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெரிபெரி வந்தது. கோதுமை ஆட்டா தின்ற இந்தியச் சிப்பாய் அதிலிருந்து தப்பித்தான். ஆனால் காய்கறி இல்லாமலும் குதிரைக் கறியைத் தொடாமலும் இருந்ததால் அவனுக்கு வைட்டமின் சி குறைவால் ஸ்கர்வி வந்து, பல் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. ஒரே முற்றுகையில் இரண்டு சாப்பாடு, இரண்டு நோய்.

ஸ்கர்விக்கு முகாமிலேயே செய்யக்கூடிய மருந்து முளைகட்டிய பயறு. முழுப் பயறாகத்தான் இருக்க வேண்டும், உடைத்த பருப்பு முளைக்காது. ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு ஈரச் சாக்கு. ஒன்றிரண்டு நாளில் முளை விடும். கனமாகக் குவித்தால் சூடேறி அழுகும். சமைத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இன்னொன்று நெல்லிக்காய். 100 கிராமில் சுமார் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று கணக்கிட்டதும் இதே குன்னூர்க் கூடம்தான். காய்ந்தாலும் சத்து எளிதில் போகாது என்பதால் போர்க்காலத்தில் துருப்புகளுக்கு நெல்லி மாத்திரையாகவே போனது.

மார்க்கெட்டில் நெல்லிக்காய் கிலோ 80. கடைக்கார அண்ணன் ஒன்றைக் கையில் கொடுத்து, "தின்னுட்டுத் தண்ணி குடிங்க, அப்புறம் வாங்குங்க" என்றார். மதியம் சாப்பாடு 110 ரூபாய், புழுங்கல் அரிசி, அவரைக் குழம்பு, கேரட் பொரியல். மூன்று மணிக்குத் தூறல் பிடித்து இரவு வரை விடவில்லை.

ஜனவரி 8, வியாழன். வெலிங்டன், அருவங்காடு

வெலிங்டன் சுமார் ஆறாயிரம் அடி உயரம். பழைய பெயர் ஜக்கதளா. 1852-ல் தொடங்கி 1860-ல் முடிந்த பெரிய பாரக்ஸ் இன்றும் நிற்கிறது. முதலில் அது சமவெளிச் சூட்டில் துவண்ட ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கான இடம். போர்க்காலத்தில் மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையம் கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரையில் இருந்தது, 1947-ல் இங்கே வந்தது. தொப்பியில் இருக்கும் யானை 1803-ல் மராட்டியருக்கு எதிராக நடந்த அசாயே சண்டையின் நினைவு. போர் முழக்கம் எல்லோருக்கும் தெரிந்த "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு".

விடிகாலை ஆறேகாலுக்குச் சாலையோரம் நின்றால் புதுப் பையன்கள் வரிசையாக ஓடுவது தெரியும். போட்டோ எடுக்கக் கூடாது. காவலுக்கு நின்றவர், "சார், போனை பாக்கெட்ல வைங்க, அங்க நின்னு பாருங்க" என்று நல்ல இடத்தையும் காட்டினார். வாயிலிருந்து புகைபோல மூச்சு வருகிறது.

பஜார் டீக்கடையில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் பூட்ஸைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். "முதல் மாசம் பாதிப் பேருக்குக் குதிகால்ல கொப்புளம்ங்க. வெறுங்கால்ல வயல்ல நடந்த காலு, விரல் அகலமா இருக்கும். அளவு பாக்கறப்ப உக்காந்து பாக்கக் கூடாது, சாயங்காலம், நடந்துட்டு வந்து, மூட்டையோட நின்னு பாக்கணும். காலையில சரியா இருக்கறது சாயங்காலம் கடிக்கும்." 1940-களின் பூட்ஸ் இன்னும் மோசம். தடித்த தோல், அடியில் ஆணி, கணுக்காலில் சுற்றுப்பட்டி. கொப்புளத்தின் தோலை உரித்தால் புண், புண்ணில் சேறு, அடுத்த வாரம் மருத்துவமனை. சுட்ட ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை இறக்கிவிட்டு, தோலை அப்படியே விட வேண்டும். இத்தாலிக் குளிரில் வேறு ஆபத்து. ஈரக் காலுறையும் இறுக்கிக் கட்டிய பட்டியுமாகக் குழிக்குள் இரண்டு நாள் நின்றால் பாதம் வெளுத்து, மரத்து, வீங்கும். அதற்குத் தினமும் ஒருமுறை கழற்றி, துடைத்து, எண்ணெய் தேய்த்து, காய்ந்த காலுறை போடுவதுதான் வழி. ஈரக் காலுறையை வயிற்றோடு வைத்துக் காயவைப்பார்கள்.

தமிழ்ப் பையன் என்றதும் கையில் துப்பாக்கியோடு பாய்வதாக நினைப்பது பாதிதான் சரி. காலாட்படை திரும்ப எழுப்பப்பட்டது தாமதமாக. சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை மட்டும் கலைக்கப்படாமல் இருந்தது. அதனால் பெரும்பாலோர் பாலம் கட்டினார்கள், லாரி ஓட்டினார்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள், சாலை போட்டார்கள். இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று மாட்டிப் போடும் பெய்லி பாலத்தின் ஒரு சட்டம் பத்தடி நீளம், சுமார் 260 கிலோ. கிரேன் இல்லாமல் ஆறு பேர் தூக்க வேண்டும். எல்லோரும் ஒரே குரலில் தூக்கி ஒரே குரலில் இறக்க வேண்டும், ஒருவன் முந்தினால் பக்கத்தவன் முதுகு போகும். இரண்டு சட்டங்களின் துளையும் நேராக வந்ததா என்று விரலை விட்டுப் பார்க்கக் கூடாது, கம்பி விட்டுத்தான் பார்க்க வேண்டும். 1944 டிசம்பரில் பர்மாவின் சிந்துவின் ஆற்றில் மிதவை மேல் போட்ட பெய்லி பாலம் 1,154 அடி.

வீரச்செயலுக்கான பிரிட்டிஷ் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர் மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞானோ அருகே கண்ணிவெடி தேடும் குழுவோடு போனார். கூட வந்தவர் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். வெடிப்பதற்குள் சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். கண்ணி தேடுவது இன்றும் ஏறக்குறைய அதே வேலைதான்: காதில் ஹெட்போன், கையில் கருவி, சத்தம் வந்த இடத்தில் மண்டியிட்டு, பயனெட்டைச் சாய்வாகச் செருகித் தடவிப் பார்ப்பது. நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும். சோதித்த பாதையின் இரு ஓரமும் வெள்ளை நாடா. நாடாவைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது.

வெலிங்டனிலிருந்து பஸ்ஸில் சில நிமிடத்தில் அருவங்காடு. தோட்டாவுக்கான வெடிமருந்தான கார்டைட் செய்யும் தொழிற்சாலை 1903-ல் வந்தது. மதிலுக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. மலை ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நைட்ரோகிளிசரினும் அசிட்டோனும் சூட்டில் அடங்காதவை. இங்கே வருடம் முழுக்கக் குளிர்ச்சி, பக்கத்தில் காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம்.

நைட்ரிக் அமிலத்தில் ஊறிய பஞ்சை (வெடிபஞ்சு) நைட்ரோகிளிசரினோடு சேர்த்து, அசிட்டோன் ஊற்றிச் சப்பாத்தி மாவாகப் பிசைந்து, கொஞ்சம் வாசலின் கலந்து, துளைத் தகடு வழியே இடியாப்பம் பிழிவதுபோல் பிழிவார்கள். அசிட்டோன் ஆவியானதும் கார்டைட் நூல் தயார். தென்னாப்பிரிக்கப் போரில் பழைய கலவையின் சூட்டில் துப்பாக்கிக் குழல்கள் சீக்கிரம் தேய்ந்தன. அந்தக் கலவையில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். புதுக் கலவையில் அதை 30 சதவீதமாகக் குறைத்து, வெடிபஞ்சை 65 ஆக்கினார்கள், வாசலின் 5. ஒரு .303 தோட்டாவுக்குள் போவது இரண்டரை கிராமுக்கும் குறைவு.

அந்தத் தோட்டாவோடு சிப்பாய் பட்ட பாடு வேறு. தோட்டாவின் பின்பக்கம் விளிம்பு உள்ள ரகம் இது. ஐந்து ஐந்தாகக் கிளிப்பில் வரும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். அவசரத்தில் பின்னால் போய்விட்டால் போல்ட் இழுக்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று மாட்டி நின்றுவிடும், எதிரி முப்பது கஜத்தில் இருக்கும்போது. இன்னொன்று, தோட்டா மூடியில் இருக்கும் ரசாயனம் சுட்ட பிறகு உப்பாகக் குழலில் படியும். எண்ணெய் அதைக் கரைக்காது. கொதிக்கும் தண்ணீரை முதலில் குழலில் ஊற்றி, பிறகு கயிற்றில் துணி கட்டி இழுத்துத் துடைத்து, கடைசியில்தான் எண்ணெய். பர்மா மழையில் இதைச் செய்யாமல் தூங்கினால் காலையில் குழல் செம்பழுப்பு.

ஜனவரி 9, வெள்ளி. கேத்தி, ஊட்டி

இரவு உறைபனி. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் வயல் முழுக்க உப்புத் தூவினதுபோல் கிடந்தது, எட்டரைக்குள் காணாமல் போனது. கேரட் கழுவும் இடத்தில் நின்ற பெரியவர், "எந்த ஊருங்க?" என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திராமல் கழுவிய கேரட் நாலைந்தைக் கையில் திணித்தார். காசு நீட்டியபோது கோபப்பட்டார்.

இங்கே கதை தலைகீழ். 1901-02-ல் கேத்தியில் இருந்தது, தென்னாப்பிரிக்கப் போரில் ஆங்கிலேயரை எதிர்த்த டச்சு வம்சாவளியினரான போயர் கைதிகளின் முகாம். தென்னாப்பிரிக்கப் பண்ணை வீடுகளிலிருந்து, குதிரையும் மௌசர் துப்பாக்கியுமாகச் சண்டைக்குப் போன விவசாயப் பையன்கள் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தார்கள். பதினாறு வயதிலிருந்தே படைக்கு அழைப்பு, அதற்கும் சின்னவர்கள் தாமாகவே சேர்ந்தார்கள். ஊரில் அவர்களின் பண்ணைகளை ஆங்கிலேயப் படை எரித்துக்கொண்டிருந்தது. தாய்மாரும் தங்கைகளும் அடைக்கப்பட்ட முகாம்களில் 26,000-க்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். கேத்திக் குளிரில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது கடிதத்தில் வந்தால் உண்டு. கைதி முகாம்களில் மரத்திலும் எலும்பிலும் செதுக்கிப் பொழுதைப் போக்கினார்கள். 1902 மே 31 சமாதானத்துக்குப் பிறகும் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால்தான் வீடு. மறுத்தவர்கள் இன்னும் காத்திருந்தார்கள்.

ஊட்டியில் பார்சி மயானத்தில் ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் கல்லறை, மனைவி சில்லுவின் பக்கத்தில். 2008 ஜூன் 27-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். 1971 வெற்றிக்காக எல்லோரும் வருகிறார்கள். இந்தப் பயணத்துக்குப் பொருத்தம் 27 வயது கேப்டன் மானெக்‌ஷாதான். 1942 பிப்ரவரி 22-ல் பர்மாவின் சித்தாங் பாலத்தருகே மெஷின்கன் குண்டுகள் அவர் உடம்பைத் துளைத்தன. ஆர்டர்லி ஷேர் சிங் தூக்கிச் சுமந்து டாக்டரிடம் சேர்த்தார். ஜப்பானியர் கைக்குப் போகாதிருக்க, மறுநாள் விடியலில் பிரிட்டிஷ் தரப்பே பாலத்தைத் தகர்த்தது. 17-வது இந்திய டிவிஷனின் பெரும்பகுதி அக்கரையில். மூங்கிலைக் கட்டியும் நீந்தியும் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் துப்பாக்கி இல்லை, பலருக்குப் பூட்ஸ் இல்லை.

வயிற்றில் குண்டு பட்டவனுக்குச் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வேண்டும், தண்ணீர் கொடுக்கக் கூடாது. "தண்ணி, தண்ணி" என்று கெஞ்சுவான், உதட்டை மட்டும் நனைக்கலாம். காட்டு வழியில் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேர் போதாது, மாற்றி மாற்றித் தூக்க எட்டுப் பேர் வேண்டும். தூக்குகிறவன் பெயர் பெரும்பாலும் எந்தப் பதக்கப் பட்டியலிலும் வராது. ஷேர் சிங்கின் பெயர் தெரிவது, அவர் சுமந்தது மானெக்‌ஷாவை என்பதால்தான்.

ஊட்டி ஹோட்டலில் இரண்டு இட்லி 50 ரூபாய், சாம்பார் ஆறியது. சீசன் இல்லாத மாதத்துக்கே இந்த விலை.

ஜனவரி 10, சனி. நடுவட்டம்

ஊட்டியிலிருந்து கூடலூர் பஸ். தலைகுந்தாவில் புல் இன்னும் வெள்ளை. பைக்காராவுக்கு அப்பால் கார்கள் குறைகின்றன, காற்றில் தைல வாடை.

மலேரியா மருந்தான கொயினா (குயினின்) சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது. நடுவட்டத்தில் சின்கோனா 1860-களிலிருந்து. தென்னமெரிக்காவிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த செடிகளைத் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் வளர்த்தெடுத்தார். வேலைக்கு ஆள் போதாமல் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த சிறையைப் பார்க்கலாம். அறைகள் இடுக்கு, சுவர் கனம். விடுதலைக்குப் பிறகு அவர்களில் சிலர் தமிழ்ப் பெண்களைக் கட்டி இங்கேயே தங்கினார்கள்.

மெக்ஐவரின் கைவேலை ஒன்று சுவாரசியம். மரத்தை வெட்டாமல் பட்டையைப் பட்டை பட்டையாக உரித்து, வெற்றிடத்தைப் பாசியால் மூடிக் கட்டுவார். பட்டை திரும்ப வளரும், அதில் மருந்துச் சத்து முன்னைவிட அதிகம். உள்சதையில் நகம் பட்டால் அந்த இடம் வளராது. பட்டையைக் காயவைத்துப் பொடித்து, சுண்ணாம்பு சேர்த்தால் கொயினா பட்டையை விட்டுப் பிரியும். எண்ணெயில் அதை இழுத்து, கந்தக அமிலத்துக்கு மாற்றி, ஆறவிட்டால் வெள்ளை ஊசியாக உறையும்.

1942 மார்ச்சில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரே மாதத்தில் நடுவட்டமும் ஆனைமலையும் டார்ஜிலிங் பக்கத்து மங்பூவும் தங்கச் சுரங்கமாகிவிட்டன. மரம் பட்டை தர ஏழெட்டு வருடம் வேண்டும், போருக்காக அவசரப்படுத்த முடியாது. இருந்த கொயினாவைக் கடுமையான காய்ச்சலுக்கு ஒதுக்கி, சிப்பாய்க்குத் தடுப்பாக மெபாக்ரின் என்ற செயற்கை மாத்திரையைக் கொடுத்தார்கள். சாமானிய மக்களுக்கோ கொயினாத் தட்டுப்பாடு. பர்மாவில் மகனுக்குத் தினமும் மாத்திரை, ஊரில் அதே காய்ச்சலில் கிடந்த அப்பாவுக்குக் கள்ள விலை.

பர்மாப் போரில் 1943-ல் காயத்தோடு ஒருவன் பின்னால் அனுப்பப்பட்டால் நோயோடு 120 பேர் அனுப்பப்பட்டார்கள். படைத்தளபதி ஸ்லிம் தந்த கணக்கு இது. அதே வருடம் மலேரியாவால் படுத்தவர்களின் கணக்கு மட்டும் படை பலத்தில் 84 சதவீதம். துப்பாக்கிக்காரனைவிடக் கொசு பெரிய எதிரி.

மெபாக்ரின் ஒன்று 100 மில்லிகிராம், தினம் ஒன்று. கசப்பு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால் சாப்பாட்டுக்குப் பின். சில வாரத்தில் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு, பையன்கள் நாக்குக்கடியில் ஒளித்துத் துப்பினார்கள். அதனால் வரிசையில் நிறுத்தி, ஆபிசர் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஸ்லிம் முன்னறிவிப்பில்லாமல் ஒரு பட்டாளத்தில் ரத்தச் சோதனை வைப்பார். மருந்து இருப்பவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் கமாண்டிங் ஆபிசருக்கு வேலை போகும். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

மாத்திரை காய்ச்சலை அமுக்குமே தவிர எல்லாக் கிருமியையும் அழிக்காது. காட்டை விட்டு வந்தபின்னும் நாலு வாரம் தொடர வேண்டும். லீவில் ஊருக்குப் போகும் குஷியில் நிறுத்தியவன் ரயிலிலேயே நடுங்கினான். பொழுது சாயும்போது சட்டைக் கையை இறக்கி, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, முகத்திலும் கையிலும் கொசு எண்ணெய் தடவ வேண்டும். வியர்த்தால் எண்ணெய் சில மணி நேரத்தில் போய்விடும், காவலுக்குப் போகுமுன் மறுபடி தடவ வேண்டும்.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மாத்திரையைவிடக் கூடாரம் என்பது என் கணிப்பு. முன்பெல்லாம் காய்ச்சல்காரனை நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். லாரி, ரயில், கப்பல் என்று மாறி, ஆஸ்பத்திரியில் கிடந்து, படைக்குத் திரும்ப ஐந்து மாதம். பிறகு சண்டைக் கோட்டுக்குச் சில மைல் பின்னாலேயே மலேரியாக் கூடாரங்கள் வந்தன. அன்றே படுக்கை, சில வாரத்தில் திரும்பப் பட்டாளம். வீட்டுப் பக்கம் போகும் வாய்ப்பும் இதோடு போய்விட்டது என்று பையன்கள் முணுமுணுத்திருப்பார்கள், அதுவும் நியாயம்.

சிறைக்கு எதிரே டீ 12 ரூபாய், மிளகாய் பஜ்ஜி ஒன்று 8. மூன்றே முக்காலுக்கு வரவேண்டிய கூடலூர் பஸ் நாலே முக்காலுக்கு வந்தது. நடுவட்டத்தில் ஏறுகிறவர்கள் இடது பக்க சீட்டைப் பிடியுங்கள். இறக்கத்தில் வயிறு புரட்டுகிறவர்கள் முன்னதாகவே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது.